மெதுவாகக் குடி

என் பேத்தியின் பற்களைக் கெடுத்தது நான்தான். அதைவிடப் பெரிய தவறும் ஒன்று செய்தேன். பல் மருத்துவர் அதற்கான பழியை அவள்மேல் போட்டபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதி முடித்தால் மனம் லேசாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எழுதுவதற்கே அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு முறையாவது ஆரம்பத்திலிருந்து எதையும் விடாமல் சொல்லிவிட வேண்டும்.

நான் வேதியியல் படித்தவன். நெய்வேலியில் அனல்மின் நிலையத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கொதிகலனுக்குள் போகும் தண்ணீரில் அமிலத்தன்மை கொஞ்சம் கூடினாலும் குழாயின் உட்சுவர் அரிக்கத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிதாகவே இருக்கும். ஷிப்டுக்கு ஷிப்டு தண்ணீரை எடுத்துச் சோதித்து, அளவு மாறினால் உடனே சத்தம் போடுவதுதான் எங்கள் வேலை. புதிதாகச் சேரும் பையன்களிடம் ஒன்று சொல்வேன்: "ஒரே நாள்ல கொட்டுனா எல்லாரும் ஓடி வந்துருவாங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா போனா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். அதுக்குத்தான் நாம பயப்படணும்." இதைச் சொன்னவன்தான் பிறகு அப்படிச் செய்தான் என்பதற்காக இதை இங்கே குறிக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு போனோம். மனைவி இறந்த பிறகு மகள் வந்து என்னை அழைத்துக்கொண்டாள். அவளுக்கு நகரியத்தில் அலுவலக வேலை. மருமகனுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு. ஆகவே நான் மறுபடியும் நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஒன்றுக்குள் வந்தேன், இந்த முறை வாசல் பலகையில் என் பெயர் இல்லாமல்.

ஷிப்டு வீட்டில் வளராதவர்களுக்கு ஒன்று புரியாது. நைட் ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்குவார். அந்த வாரம் முழுக்க வீடு கிசுகிசுப்பாகத்தான் பேசும். குக்கர் விசில் வராமல் அடுப்பை அணைப்பார்கள். வாசல் கேட்டைத் தூக்கித் திறப்பார்கள். மருமகன் சில நாள் சாயங்காலம்வரைகூடத் தூங்குவார். பாவம், தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தாலும் சத்தம் போட்டதற்காக யாரையும் கோபித்ததில்லை. அதனாலேயே நாங்கள் இன்னும் அடங்கிப்போனோம். என் பேத்தி நடக்கக் கற்றபோதே குதிகால் படாமல் நடக்கக் கற்றவள். ஆனால் அவளுக்குப் பேசப் பிடிக்கும். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் பெயர் கொடுத்துவிடுவாள். வீட்டில் மனப்பாடம் செய்ய இடமில்லாமல், துணி காயப்போடும் கொல்லைப்பக்கம் நின்று உதடு மட்டும் அசைய ஒத்திகை பார்ப்பாள்.

அவளுக்கு முன்பற்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பள்ளியில் "தேங்காத் துருவி" என்று கூப்பிட்டார்கள். மேடையில் பேசும்போது சிரிக்க வேண்டிய இடம் வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். எட்டாம் வகுப்பு முடியும்போது அவளே அம்மாவிடம் போய், "எனக்குக் கிளிப் போடணும். பிறந்தநாளுக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள். அவள் எதையும் கேட்டு அடம்பிடிக்கிற பெண் இல்லை. மகள் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள்.

வடலூரில் ஒரு பல் மருத்துவமனை. மருத்துவர் சின்ன வயதுப் பெண். கிளிப் மாட்டிய அன்று எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து நிதானமாகப் பேசினார்.

"இந்தக் கம்பி பல்லைக் கெடுக்காதும்மா. கம்பியைச் சுத்திச் சேர்ற அழுக்குதான் கெடுக்கும். சாப்பிட்டது இதுல மாட்டிக்கும். அதுல இருக்கிற இனிப்பைக் கிருமி தின்னுட்டு அமிலத்தை விடும். அது எனாமல்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்தை இழுத்துரும். கிளிப் கழட்டுற அன்னிக்குப் பார்த்தா, கம்பியைத் தாங்குற இந்தக் குட்டிச் சதுரம், பிராக்கெட், அது ஒட்டின இடம் மட்டும் நல்லா இருக்கும். சுத்தி சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் திட்டு. நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகுது."

பேத்தி கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்படி ஆகாம இருக்க என்ன செய்யணும் டாக்டர்?"

அவர் சொன்னார். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைகிற மாதிரி ஒரு குட்டிப் பிரஷ், பாட்டில் கழுவுகிற பிரஷின் குழந்தை போல இருந்தது, அதையும் உபயோகிக்க வேண்டும். படுக்கப்போகும் முன் ஃபுளோரைடு மருந்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒட்டுகிற மிட்டாய் கூடாது. சோடா, கூல்டிரிங்க்ஸ் கூடவே கூடாது.

"என்னைக்காவது கல்யாண வீட்ல குடிச்சுட்டா?" என்று பேத்தி கேட்டாள்.

"குடிச்சுட்டா ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சுரு. தண்ணி விட்டுக் கொப்பளி. உடனே பிரஷ் எடுத்துத் தேய்க்காத, அரை மணி நேரமாவது போகட்டும். அமிலம் பட்ட பல்லு இளகி இருக்கும், தேய்ச்சா கூடவே வந்துரும். ஆனா ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிகிட்டே உக்காந்திருக்கிறதுதான் எல்லாத்தையும்விட மோசம். வாய் ஆறவே ஆறாது."

நான் தலையாட்டினேன். நான் வேதியியல்காரன் என்பதையும் சொல்லிக்கொண்டேன். டாக்டர் சிரித்தார். "அப்போ எனக்குக் கவலையே இல்ல சார்." மகளும், "சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா அப்பாதான் பாத்துக்கறாரு டாக்டர்" என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதி இன்னும் என் காதில் இருக்கிறது.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாதம் ஒரு முறை வடலூர் போய்க் கம்பியை இறுக்கிக்கொண்டு வருவோம். இறுக்கிய மறுநாள் அவளால் இட்லியைக்கூட மெல்ல முடியாது. அப்படி ஒரு நாள், பள்ளி விட்டு வந்தவள் பல்வலியோடு புத்தகப் பையைக் கழற்றாமலே திண்டாடினாள். உள்ளே அவள் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். முனகக்கூட முடியாமல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "வா, கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கூட்டிப்போனேன்.

கடைத்தெரு ஓரம், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சோடாக் கடை. வெளியே ஒரு பெஞ்சு. முன்பு அதன்மேல் நல்ல நிழல் இருக்கும். புயலில் மரம் விழுந்த பிறகு வெயில் சாயும்வரை உட்கார முடியாது. அங்கே உட்கார வைத்து ஒரு ஆரஞ்சு சோடா வாங்கிக் கொடுத்தேன். சில்லென்று இருந்தால் வலி குறையும் என்பது என் கணக்கு. வலி குறைந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். வகுப்பில் நடந்தது, டீச்சரின் நடை, அடுத்த போட்டியின் தலைப்பு, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் சத்தமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மனைவி போன பிறகு என்னிடம் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பாட்டில் காலியானதும் சட்டென்று எழுந்து, "போலாமா தாத்தா?" என்றாள்.

மறுநாள் வலி இல்லை. ஆனாலும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம்.

பாட்டில் இருக்கும்வரை அவள் பேச்சும் இருக்கும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன். முடிந்ததும் அவளுக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வந்துவிடும். அதனால், "மெதுவாக் குடி பாப்பா, என்ன அவசரம்" என்பேன். அவளும் ஒரு வாய் உறிஞ்சி, கொஞ்சம் பேசி, இன்னொரு வாய் உறிஞ்சுவாள். டாக்டர் எதை எல்லாவற்றையும்விட மோசம் என்றாரோ அதையே நான் வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்ததை அந்த நேரத்தில் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். தினமும் தள்ளி வைத்தேன்.

அடுத்த கடையின் பெஞ்சில் என்னோடு ஓய்வு பெற்றவர்கள் சிலர் உட்காருவார்கள். ஒருவர் கேட்பார்: "என்னய்யா, பேத்திக்கு நீ டூட்டி பாக்கறியா, உனக்கு அது டூட்டி பாக்குதா?"

"ரெண்டு பேருக்கும் ஜெனரல் ஷிப்டு" என்பேன்.

"ஓவர்டைம் எல்லாம் பலமா இருக்கே!"

எல்லோரும் சிரிப்போம். பேத்தியும் சிரிப்பாள், கம்பி பளபளக்க. கை வாய்க்குப் போவதை அப்போது அவள் மறந்திருந்தாள்.

ஒரு நாள் மகள், "நாக்கு ஏன் ஆரஞ்சா இருக்கு?" என்று கேட்டாள். பேத்தி என்னைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல யாருக்கோ பிறந்தநாளாம், மிட்டாய் கொடுத்தாங்களாம்" என்று நான் சொன்னேன். மறுநாளிலிருந்து பன்னீர் சோடாவுக்கு மாறினோம். அதில் நிறம் ஒட்டாது. வாசனை மட்டும் இருக்கும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். அவளுடைய பிரஷ் ஒன்றையும் சின்னப் பேஸ்ட் ஒன்றையும் என் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். கடைக்குப் பக்கத்தில் குழாய் உண்டு. குடித்து முடித்த கையோடு அங்கேயே தேய்க்க வைத்தேன். "நல்லா அழுத்தித் தேய். ஒரு துளி தங்கக் கூடாது."

அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். சோடா குடித்தாலும் உடனே சுத்தம் செய்துவிடுகிறோமே என்று. கொதிகலனை அமிலம் விட்டுக் கழுவிய பிறகு அந்தக் குழாய் எவ்வளவு பலவீனமாக இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கழுவிய இரும்பைக் காற்றுப் படவே விட மாட்டோம். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காரம் கலந்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு காப்புப் படலம் ஏறும்வரை காத்திருப்போம். அந்த நேரத்தில் ஒருவன் கம்பிப் பிரஷை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அவனை வெளியே தள்ளியிருப்பேன். என் பேத்தியின் வாயில் அதைத்தான் தினமும் செய்ய வைத்தேன். என் கவலை எனாமலைப் பற்றியது அல்ல. மகளுக்குத் தெரியக் கூடாது என்பதைப் பற்றியது.

இடையில் ஒரு தடவை டாக்டர் சந்தேகப்பட்டார். "ஈறு ஓரமெல்லாம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கே. ஒழுங்காத் தேய்க்கிறியா?" என்றார். "தேய்க்கிறேன் டாக்டர், நிறைய தடவை தேய்க்கிறேன்" என்றாள் பேத்தி. அது உண்மை. டாக்டர் வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன் நான், "வீட்டுச் சாப்பாடுதான்" என்றேன். அன்றே சொல்லியிருந்தால் பாதிப் பல்லாவது பிழைத்திருக்கும்.

கிளிப் கழற்றும் நாள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகு வந்தது. மகள் அரை நாள் லீவு போட்டிருந்தாள். பஸ்ஸில் பேத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியை நாக்கால் தடவிக்கொண்டே வந்தாள். "தாத்தா, இனிமே நான் ப வரிசையெல்லாம் நல்லா உச்சரிப்பேன் பாருங்க" என்றாள். கடலூரில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பள்ளியில் பேச்சுப் பயிற்சிக்கென்றே ஒரு குழு இருந்தது. விண்ணப்பமும் போட்டிருந்தாள். சத்தம் போட்டுப் படிக்கலாம், சத்தம் போட்டுப் பேசலாம், பகலில் யாரும் தூங்க மாட்டார்கள். அவள் அதை ஏதோ சொர்க்கம்போலச் சொல்வாள்.

கம்பியைக் கழற்றி, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். பற்கள் அழகாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் நடுவில் ஒரு சதுரம் நன்றாக இருந்தது. சுற்றிலும் வெள்ளைத் திட்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தை எடுத்த பிறகு தெரிகிற மாதிரி. கோரைப்பல் ஒன்றில் திட்டு சொரசொரப்பாகவே இருந்தது.

"முதல் நாளே சொன்னேனேம்மா" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "பல்லு வரிசை எவ்வளவு நல்லா வந்திருக்கு. தேய்க்கிறதுல இப்படி அலட்சியமா இருந்துட்டியே."

மகள் திரும்பி அவளைப் பார்த்தாள். "கேக்கறாங்கல்ல? தேய்ச்சியா இல்லயா? வாயத் திறந்து சொல்லு."

பேத்தி கண்ணாடியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போதுதான் நான் காலண்டரைப் பார்த்தேன். அதில் ஏதோ நகைக்கடை விளம்பரம்.

"சரியாத் தேய்க்கலம்மா" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு விடுதியின் பக்கம் திரும்பியது. அன்றும் கிசுகிசுப்பாகத்தான், சமையலறையில். "ரெண்டு வருஷமா பல்லைத் தேய்னு சொல்றோம். கூட ஒரு பெரிய மனுஷர் இருந்தும் இந்த லட்சணம். இவ விடுதியில போய்த் தன்னைப் பாத்துக்குவாளா? வேணாம். இங்கயே படிக்கட்டும்" என்றாள் மகள். மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றார்.

எழுத வெட்கமாக இருப்பது இதுதான். அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவள் எங்கேயும் போக மாட்டாள். சாயங்காலம் பெஞ்சு இருக்கும். இப்படித்தான் நினைத்தேன், அவள் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தபோது.

ஆனால் அவள் அதன் பிறகு கடைத்தெருவுக்கு வரவில்லை. கூப்பிட்டால், "தலை வலிக்குது தாத்தா" என்பாள். நான் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு மத்தியானம் முகம் கழுவப் போனபோது, கழுவும் தொட்டியில் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் கண்ணாடி முன் நின்று, பல்பொடியோடு எதையோ கலந்து, உப்பாக இருக்க வேண்டும், திட்டுகளின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈறிலிருந்து ரத்தம் வந்தது.

"அப்படித் தேய்க்காதம்மா. தேய்ச்சா போகாது" என்றேன்.

"வேற எப்படிப் போகும்?" என்று கேட்டாள். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் அதையும் மூச்சுக் குரலில்தான் கேட்டாள். கத்தக்கூட அவளுக்கு இடமில்லை.

அன்று மகள் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவள் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "பல்லு அவளால கெடல. என்னாலதான். தினம் சோடா வாங்கிக் குடுத்தேன். டாக்டர் வேணாம்னது தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவள் கரண்டியைக்கூட நிறுத்தவில்லை. "போங்கப்பா. அவள விடுதிக்கு அனுப்பணும்னு நீங்க பழியை ஏத்துக்கறீங்க. நான் படிச்சப்போ அம்மாவுக்குத் தெரியாம என் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டவர்தானே நீங்க."

"இல்லம்மா, நிஜமாவே..."

"என்னைக்காவது ஒண்ணு ரெண்டு குடிச்சிருப்பா. அதுக்கா இப்படி ஆகும்? அவளுக்கு வக்காலத்து வாங்காதீங்க."

உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடம் அவளிடம் நல்லவனாகவே இருந்துவிட்டேன். அதுவே இப்போது குறுக்கே நின்றது. கடைசியில், "கடைத்தெரு வரைக்கும் என்கூட வா" என்றேன். "இப்பவா?" என்றாள். "இப்பவே" என்றேன். மாவுக் கையைக் கழுவிக்கொண்டு அலுத்தபடி வந்தாள்.

சோடாக் கடைக்காரர் வடக்குத்துக்காரர். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க சார், இன்னாங்க கொஞ்ச நாளா பாப்பாவயே காணோம்? இன்னிக்கும் வரலீங்களா?"

"இது என் பொண்ணு, பாப்பாவோட அம்மா" என்றேன். "என் பேத்திக்கு இங்க என்ன வாங்கிக் குடுப்பேன்னு இவகிட்ட சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. புகார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சான்றிதழ் கொடுப்பதாகவே நினைத்தார்.

"அட, உங்க அப்பாருங்களா! இவரு மாரி பேத்திய பாத்துக்கற மனுசன் கெடயாதுங்கம்மா. ஒரு நாளு வுட்டதில்ல. மழ பேஞ்சா கொட புடிச்சிகினு வருவாரு. பன்னீரு சோடா ஒண்ணு. பாப்பா குடிச்சிகினே இருக்கும், இவரு 'மெதுவா குடி, மெதுவா குடி'ன்னு சொல்லிகினே இருப்பாரு. ஒரு பஸ்சு வந்து ஆள எறக்கிட்டுப் போயி, அடுத்த பஸ்சும் வந்துரும். அந்தப் பாட்டிலு காலி ஆவாது. நானு பாட்டிலுக்காகக் காத்துகினு நிப்பேங்க!"

அடுத்த பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். கடைக்காரருக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"இதக் கேளுங்கம்மா. குடிச்சி முடிச்ச ஒடனே அந்தக் கொழாயாண்ட கூட்டிகினு போயி பல்லு வெளக்க வெப்பாரு. சோடா குடிச்சிட்டுப் பல்லு வெளக்கற புள்ளய எங்கியாவது பாத்துகிறீங்களா? அவ்ளோ சுத்தம்! வூட்ல போயி எங்க வூட்டுக்காரிகிட்ட சொல்லுவேன், பெரிய படிப்பு படிச்சவங்க வூட்ல எல்லாம் இப்டித்தான் வளப்பாங்கன்னு."

மகள் அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடைக்காரரிடம், "சரிங்க, வரேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். செகண்ட் ஷிப்டு பஸ்கள் போய் ஓய்ந்திருந்த வீதி. பாதி தூரம் முன்னாலேயே நடந்தாள். பிறகு நின்றாள்.

"நீங்க கெமிஸ்ட்டுப்பா."

"ஆமாம்."

"டாக்டர் அவளக் கேட்டப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

"பயம்."

"யார்கிட்ட? என்கிட்டயா?"

"இனிமே அவள என்கூட விட மாட்டியேன்னு."

"அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் தூது வர மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குள் போனதும் விடுதிப் பள்ளிக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேட்டது என் காதில் விழுந்தது. அன்று அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

பேத்தி கொல்லைப்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். சோடாவுக்காக, பிரஷுக்காக, மெதுவாகக் குடிக்கச் சொன்னதற்காக எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"சோடா எனக்குப் பிடிச்சுதான் குடிச்சேன் தாத்தா. டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும்ல? அதுக்கு நீங்க மட்டும் காரணம் இல்ல." ஒரு பாவாடையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு நான் உங்களப் பாத்தேன். நீங்க என்னைப் பாக்கல. அதுதான்."

கொடியில் மீதியிருந்த துணிகளை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

அந்தக் கோடையில் வடலூருக்கு நான்தான் அவளை அழைத்துப்போனேன். மகள் அதற்கு மட்டும் சம்மதித்தாள். முதல் நாளே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். "நடுவுல நான் கேட்டப்போவே சொல்லியிருந்தா அப்பவே ஃபுளோரைடு வார்னிஷ் பூசியிருப்பேன் சார். ஒரு மாசம் கம்பியைக்கூடக் கழட்டி வச்சிருப்பேன்" என்றார். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, "ஸாரிம்மா, உன்னைத் திட்டிட்டேன்" என்றார். நான் செய்ய வேண்டியதை அவர் அவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டார்.

உப்பு, பல்பொடி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தேய்த்து எடுக்கிற கறை இல்லை அது, பல்லிலிருந்து போன சத்து, உள்ளே திரும்பித்தான் வர வேண்டும் என்றார். மெத்தென்ற பிரஷ், பற்களின் மேல் பூசிக்கொள்ள ஒரு பேஸ்ட், சில வாரங்களுக்கு ஒரு தடவை வார்னிஷ். எச்சில்தான் மீதி வேலையைச் செய்யும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், வாய்க்குள் எந்நேரமும் எதையாவது போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சில திட்டுகள் மங்கும், சில போகாது என்றும் சொன்னார்.

போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். கோபமாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் தானாக எதையும் ஆரம்பிக்க மாட்டாள். வார்னிஷ் பூசிய நாட்களில் கொஞ்ச நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. அது அவளுக்கு வசதியாக இருந்ததோ என்று தோன்றும். வாயை மூடிக்கொண்டு வர ஒரு காரணம்.

பள்ளி திறந்ததும் விடுதிக்குப் போனாள். பெட்டியில் அவள் அம்மா இரண்டு பிரஷ் வைத்தாள். அவளே மூன்றாவது ஒன்றையும் வைத்துக்கொண்டாள். மருமகன் அன்று லீவு. புறப்படும்போது என்னிடம், "விடுங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டுகள் பெரும்பாலும் மங்கிவிட்டன. வெளிச்சத்தில் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். கோரைப்பல்லில் இருப்பது மட்டும் போகவில்லை. மேடையில் பேசுகிற படங்களை அனுப்புவாள். சில படங்களில் கை வாயருகில் இருக்கும், சிலவற்றில் இல்லை. நான் இல்லாதவற்றைத் தேடிப் பார்ப்பேன்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அவளே கேட்டாள். "கடைத்தெரு வரைக்கும் போலாமா தாத்தா?" அவசரமாகச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் பன்னீர் சோடாவை எடுக்கக் கை நீட்டினார். "வேணாங்கண்ணா, தண்ணி வச்சிருக்கேன்" என்று தன் பாட்டிலைக் காட்டினாள். "இன்னா பாப்பா, கடலூரு போயி மாறிட்டியா?" என்றார் அவர். அவள் சிரித்தாள், வாயை மறைத்த கையை எடுக்காமல்தான்.

பஸ் ஒன்று வந்து ஷிப்டு ஆட்களை இறக்கியது. பள்ளியைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். நல்ல சாப்பாடு இல்லை என்றாள். அறையில் நான்கு பேர், எல்லோரும் ஒரே சத்தம் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் தெளிவாக இருந்தது. பிறகு மூடியைத் திறந்து தண்ணீரை மடமடவென்று ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போலாமா தாத்தா?"